மூட்டு உட்கார்ந்துவிட்டது, கை மட்டும் ஏறவில்லை: ஒரு தோள் காயத்தின் நிகழ்வு ஆய்வு

61 வயதுப் பெண்மணி. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். வலது கைப் பழக்கம். எட்டு வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. விடிகாலையில் கிரைண்டர் கழுவிய தண்ணீர் தேங்கிக் கிடந்த தரையில் கால் வழுக்கியது. விழாமல் இருக்க வலது கையை நீட்டிக் கதவு நிலையைப் பிடித்தார். உடம்பு கீழே போய்விட்டது, கை நிலையிலேயே நின்றது. தோளுக்குள் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது என்றார். எழுந்து உட்கார்ந்தபோது வலது கை உடம்போடு ஒட்டாமல் சற்று விலகியே நின்றது. இடது கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினார்.

இங்கே வரும் பெண்மணி ஒரே ஆள் அல்ல. இதே மாதிரி வந்த பலருடைய விவரங்களைக் கோர்த்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த வரிசை எலும்பு மருத்துவர் யாருக்கும் பழக்கமானதுதான்: விழுந்தார், மூட்டு நழுவியது, ஏற்றிவிட்டார்கள், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, கை மட்டும் தூக்க முடியவில்லை.

முதல் நாள்

அருகிலிருந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மேற்கை எலும்பின் தலை, குழியை விட்டு முன்பக்கமாகக் கீழிறங்கி நின்றது. முன்புற மூட்டு விலகல். தோள் மூட்டு நழுவுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இப்படி முன்பக்கமாகத்தான் நழுவும். உடம்பின் பெரிய மூட்டுகளில் அடிக்கடி நழுவுவதும் இதுதான், அதற்குக் காரணம் அதன் அமைப்பு. பந்து பெரிது, குழி ஆழமில்லாதது. எந்த நிலையிலும் பந்தின் கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவதற்கு நாம் கொடுக்கும் விலை அது. பந்தைக் குழியில் நிறுத்திவைப்பது எலும்பல்ல. குழியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் குருத்தெலும்பு வளையம், அதைச் சுற்றிய உறை, அதற்கும் மேலே நான்கு தசைகளின் நாண்கள் (தசையை எலும்போடு பிணைப்பவை) சேர்ந்த ரொட்டேட்டர் கஃப் ஆகியவைதான்.

அங்கிருந்த மருத்துவர் செய்தவற்றில் பாராட்ட நிறைய இருக்கிறது. இழுப்பதற்கு முன்பே எக்ஸ்ரே எடுத்தார். அறுபது வயதுக்காரருக்கு இது தவிர்க்க முடியாதது. பந்துக்குக் கீழே கழுத்துப் பகுதியில் விலகாத ஒரு விரிசல் இருந்துவிட்டால், இழுக்கிற இழுப்பில் பந்து தனியாகக் கழன்றுவிடும். அதோடு மணிக்கட்டில் நாடித்துடிப்பைப் பார்த்தார். வயதானவர்களின் ரத்தக்குழாய் கெட்டிப்பட்டிருக்கும். நழுவிய பந்து அக்குள் தமனியைக் கிழித்துவிடுவது அபூர்வம்தான், ஆனால் நடந்தால் கையும் போகும், உயிருக்கும் ஆபத்து. பிறகு மயக்க ஊசி கொடுத்து, மார்பைச் சுற்றி ஒரு போர்வையைக் கட்டி ஒருவர் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள, கையை நிதானமாக இழுத்து மூட்டை ஏற்றினார்.

மூட்டை ஏற்றும் முறைகளுக்குப் பஞ்சமில்லை. அக்குளில் குதிகாலை ஊன்றி இழுப்பது ஹிப்போகிராட்டிஸ் காலத்து வழி. கையை வெளிப்பக்கம் திருகி, உள்ளே கொண்டுவந்து, மறுபடி உள்பக்கம் திருகும் வழியைக் கோக்கர் 1870ல் எழுதினார். எலும்பு தேய்ந்த வயதானவர்களிடம் இந்தத் திருகலைக் கையாளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. திருகும் விசையில் மேற்கை எலும்பு சுருளாக உடைவதுண்டு. எந்த முறையானாலும் வலியைக் குறைத்து, தசை தளரும்வரை பொறுத்திருந்து, மெதுவாகச் செய்தால் போதும். அவசரம்தான் காயத்தின் மேல் காயம் சேர்க்கிறது.

ஏற்றிய பிறகு மறுபடி எக்ஸ்ரே. பந்து குழியில் அழகாக உட்கார்ந்திருந்தது. ஸ்லிங் போட்டு, மூன்று வாரம் கையை ஆட்டாதீர்கள், அப்புறம் வாருங்கள் என்று அனுப்பினார்கள். கதை திசை மாறியது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது வாரம்

ஸ்லிங்கைக் கழற்றினால் கை எழவில்லை. தலைவாரிக் கொண்டை போட முடியவில்லை. ஜாக்கெட்டின் வலது கையை மருமகள்தான் மாட்டிவிட வேண்டியிருந்தது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலி எழுப்பிவிட்டது. மருத்துவமனையில் பார்த்தார்கள். தோளின் வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்கு மதமதப்பு இருந்தது. "நரம்பு அடிபட்டிருக்கு, தானா வந்துடும், ஆறு மாசம் ஆகும்" என்றார்கள். வைட்டமின் மாத்திரையும் கரண்ட் வைத்தியமும் எழுதிக்கொடுத்தார்கள்.

அந்த மதமதப்பு உண்மையானது. பந்து முன்பக்கம் கீழே இறங்கும்போது அக்குள் நரம்பு அதன் மேல் இழுபடுகிறது. மூட்டு நழுவியவர்களுக்கு மின் பரிசோதனை செய்து பார்த்த ஆய்வுகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் ஏதாவதொரு நரம்பில் பாதிப்பு தெரிந்திருக்கிறது. பெரும்பாலும் அது நசுங்கல் அளவிலேயே நின்று, சில மாதங்களில் மீண்டுவிடும். ஆகவே நரம்பு என்று நினைத்ததில் தவறில்லை. நரம்பு மட்டும்தான் என்று முடிவுகட்டியதுதான் சிக்கல்.

இடையில் உறவினர் ஒருவர் எண்ணெய் நீவக் கூட்டிப்போனார். இரண்டு முறை நீவியதில் வீக்கம் கூடியதும் மகன் நிறுத்திவிட்டார். விழுந்து ஆறாவது வாரம் எங்களிடம் வந்தார்கள்.

பரிசோதனை: கண்ணும் கையும்

"கையைத் தூக்குங்கம்மா" என்றதும் அவர் தூக்கியது தோள்பட்டையை. வலது தோள் காதை நோக்கி ஏறியது, கை மட்டும் இடுப்பளவு தாண்டிக் கொஞ்சம் விலகி அங்கேயே நின்றது. அளந்தால் 40 டிகிரி. பிறகு படுக்கவைத்து, அவர் தசையைத் தளர்த்திக்கொள்ள, நானே அந்தக் கையை மெதுவாக உயர்த்தினேன். 150 டிகிரி வரை தடையில்லாமல் போனது.

இந்த ஒரு வித்தியாசம் பல சந்தேகங்களைத் தீர்த்துவிடுகிறது. அவராலும் முடியாமல் நம்மாலும் முடியாமல் இருந்தால் மூட்டு இறுகிவிட்டது, அல்லது உள்ளே ஏதோ தடுக்கிறது. நம்மால் முடிந்து அவரால் முடியவில்லை என்றால் மூட்டில் குறையில்லை. இழுக்கிற தசையிலோ, அதன் நாணிலோ, கட்டளை கொண்டுபோகும் நரம்பிலோதான் குறை. இனி அந்த மூன்றில் எது என்று பிரிக்க வேண்டும்.

முதலில் டெல்டாய்டு. தோளின் வட்டத்தைக் கொடுக்கும் பெரிய தசை இது, அக்குள் நரம்பு ஓட்டுவது. கையைத் தூக்கச் சொல்லி இதைச் சோதிக்க முயன்றால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் கஃப் கிழிந்திருந்தாலும் கை ஏறாது. கையை உடம்போடு ஒட்டி வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, என் இடது உள்ளங்கையை அவர் தோளில் பதித்துக்கொண்டேன். வலது கையை அவர் முழங்கைக்குப் பின்னால் வைத்து, "பின்னாடி தள்ளுங்க" என்றேன். பின்பகுதி கெட்டியானது. "வெளியே தள்ளுங்க", நடுப்பகுதி திரண்டது. "முன்னாடி", முன்பகுதியும் திரண்டது. மற்றக் கையைவிடப் பலம் கொஞ்சம் குறைவு, ஆனால் மூன்று பகுதியும் வேலை செய்தன. மதமதப்பு இருந்தும் நரம்பு கட்டளையைக் கொண்டுபோய்க்கொண்டுதான் இருந்தது. தோலின் உணர்வை வைத்துத் தசையின் நிலையைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது. மதமதப்பு இல்லாமலும் தசை செயலிழந்திருக்கலாம், மதமதப்போடு தசை நன்றாகவும் இருக்கலாம்.

அடுத்தது வெளிச்சுழற்சி. முழங்கையை மடக்கி, விலாவிலிருந்து லேசாக விலக்கி, முன்கையை முடிந்த மட்டும் வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன். "இப்படியே பிடிச்சு வைங்கம்மா." விட்டேன். முன்கை கதவு மூடுவதுபோல உள்பக்கம் திரும்பி வயிற்றில் வந்து நின்றது. அவர் முகத்தில் ஆச்சரியம், தன் கை தன் பேச்சைக் கேட்காமல் போவதை அப்போதுதான் கவனித்தார்.

இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்றால், கையை வெளிப்பக்கம் திருப்பும் பெரிய தசையான இன்ஃப்ராஸ்பினேட்டஸுக்கு அக்குள் நரம்போடு தொடர்பே இல்லை. அதற்குத் தனி நரம்பு, தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பைத் தாண்டி வருவது. அக்குள் நரம்பு முழுவதும் செயலிழந்தாலும் அந்தத் தசை முன்கையைப் பிடித்து நிறுத்தும். இங்கே நிற்கவில்லை. ஆகவே அக்குள் நரம்பின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. அந்த இரண்டு நரம்புகளுமே அடிபட்டிருக்க வேண்டும், அல்லது நாணே எலும்பிலிருந்து பிய்ந்திருக்க வேண்டும். டெல்டாய்டு உயிரோடு இருப்பதைக் கையால் தொட்டுப் பார்த்தாகிவிட்டது. நாண்தான்.

வயிற்றை உள்ளங்கையால் அழுத்தும் சோதனை சரியாக இருந்தது. முன்பக்க நாணான சப்ஸ்கேப்புலாரிஸ் தப்பித்திருக்கிறது. முழங்கைக்குக் கீழே உணர்வு, விரல் அசைவு, நாடி எல்லாம் சரி.

படங்கள்

எக்ஸ்ரேயை இரண்டு கோணத்தில் எடுத்தோம், ஒன்று அக்குள் வழியாக. பந்து குழியில்தான் இருந்தது. பந்தின் பின்மேல் பகுதியில் சிறிய பள்ளம். குழியின் விளிம்பில் மோதி உண்டாகும் இந்தப் பள்ளத்தை ஹில், சாக்ஸ் என்ற இரண்டு கதிரியக்க மருத்துவர்கள் 1940ல் விவரித்தார்கள், அவர்கள் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. மேற்கை எலும்பின் தலையோரம் நாண் ஒட்டும் பெரிய முண்டு உடையவில்லை. அது உடைந்திருந்தால் எக்ஸ்ரேயிலேயே விஷயம் தெரிந்திருக்கும். பெரிய முண்டு உடைந்தவர்கள் ஒருவிதத்தில் அதிர்ஷ்டசாலிகள், நாண் எலும்புத் துண்டோடு சேர்ந்து வருவதால் யார் கண்ணிலும் படாமல் போகாது. மூட்டை ஏற்றியதும் அந்தத் துண்டு பெரும்பாலும் தன் இடத்துக்கே திரும்பிவிடும். 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகி நின்றால்தான் திருகாணி பற்றி யோசிக்கிறோம்.

எம்.ஆர்.ஐ.யில் சுப்ராஸ்பினேட்டஸ் (கஃப்பின் மேல்பக்கத் தசை), இன்ஃப்ராஸ்பினேட்டஸ் இரண்டின் நாண்களும் எலும்பிலிருந்து முழுத்தடிமனாகப் பிய்ந்து, சுமார் 3 செ.மீ. உள்ளே சுருங்கியிருந்தன. நான் முதலில் தேடியது கிழிசலின் அளவை அல்ல, தசையின் நிறத்தை. நாண் பிய்ந்த தசை வேலையில்லாமல் கிடந்தால் சில மாதங்களில் கொழுப்பாக மாறத் தொடங்கும். அதை 0 முதல் 4 வரை தரம்பிரிக்கும் முறையைக் கூத்தாலியே 1994ல் கொடுத்தார். இவருக்கு 1. அதாவது தசை இன்னும் தசையாகவே இருந்தது. இது புதிய கிழிசல், விழுந்த அன்று நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. சர்க்கரையும் வயதும் சேர்ந்த நாண்களில் பழைய தேய்மானம் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் விழுவதற்கு முதல் நாள்வரை மாவுப் பாத்திரத்தை அலமாரியில் ஏற்றியவர் இவர்.

பணவசதி இல்லாத இடத்தில் எம்.ஆர்.ஐ.தான் வேண்டும் என்றில்லை. பழகிய கையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே கஃப் கிழிசலைக் காட்டிக்கொடுத்துவிடும். நரம்பைப் பற்றிச் சந்தேகம் மீதியிருந்தால் மின் பரிசோதனை செய்யலாம். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் செய்தால் தெளிவான விடை கிடைக்காது, அறுந்த நரம்பின் மாற்றங்கள் தசையில் தெரிய அவ்வளவு நாள் ஆகும்.

என்ன செய்வது

மகன் கேட்ட கேள்வி நியாயமானது. "சார், அம்மாவுக்கு வயசு அறுபத்தொண்ணு, சர்க்கரை வேற. பிசியோதெரபிலயே சரியாகாதா?"

வருடக்கணக்கில் தேய்ந்து கிழிந்த நாணுக்குப் பிசியோதெரபியிலிருந்து தொடங்குவது நல்ல வழி. பலர் அறுவை இல்லாமலே சமாளித்துவிடுகிறார்கள். நன்றாக இருந்த நாண்கள் இரண்டு ஒரே விழுகையில் பிய்ந்து, கை 40 டிகிரியில் நிற்பவருடைய விஷயம் வேறு. இங்கே காலம் எதிராளி. 1983ல் பாசெட்டும் கோஃபீல்டும் திடீர்க் கிழிசல்களை எப்போது தைத்தால் நல்லது என்று பார்த்து, மூன்று வாரத்துக்குள் தைத்தவர்களுக்கே கை நன்றாக எழுந்தது என்று எழுதினார்கள். அது சிறிய ஆய்வு. அதன்பின் வந்தவை மூன்று நான்கு மாதம் வரை அவகாசம் தருகின்றன. எப்படிப் பார்த்தாலும் "ஆறு மாசம் பொறுங்க" என்பது அந்தக் கதவை மூடிவிடும். நரம்பு தானாக மீளும், எலும்பிலிருந்து பிய்ந்து சுருங்கிய நாண் தானாகத் திரும்பி வந்து ஒட்டாது.

அடுத்த தலைவலி சர்க்கரை. மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.2 சதவீதம் இருந்தது. அது 8க்குக் கீழே வரட்டும் என்று அனுப்பிவைப்பது வழக்கமான பதில். ஆனால் அந்த எண் பெயரே சொல்வதுபோல மூன்று மாதக் கணக்கு. அது இறங்குவதற்குள் தசை கொழுப்பாகிவிடும். சர்க்கரை மருத்துவரோடு பேசி, மாத்திரையோடு இன்சுலினைச் சேர்த்து, அன்றாட அளவை 180க்குள் கொண்டுவந்து, பத்து நாளில் அறுவைக்கு எடுத்தோம். தொற்று அபாயம் கொஞ்சம் கூடுதல் என்பதைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொன்னோம். முடங்கிய வலது கையோடு அவர் பிழைப்பை நடத்த முடியாது என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

கழுத்தோரம் நரம்பு மரப்பு ஊசியோடு மயக்கம் கொடுத்து, நுண்துளை வழியாகச் செய்தோம். உறைக்குள் பழைய ரத்தக்கசிவு. நாண்களின் ஓரம் தடிமனாக, இழுத்தால் வருகிற மாதிரி இருந்தது, அதிகம் விடுவிக்கத் தேவைப்படவில்லை. நூல் கோர்த்த சிறு ஆணிகளான ஆங்கர்கள் நான்கை எலும்பில் பதித்து, இரண்டு வரிசையாகத் தைத்து நாணைப் பழைய இடத்தில் அமர்த்தினோம். குழியின் முன்விளிம்பு வளையம் கிட்டத்தட்ட முழுதாகவே இருந்தது, அதைத் தொடவில்லை.

அதற்குப் பிறகான மாதங்கள்

தையல் நாணைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எலும்போடு ஒட்டவைப்பது உடம்பு, அதற்குப் பல வாரம் வேண்டும். முதல் ஆறு வாரம் அக்குளுக்கும் கைக்கும் நடுவில் ஒரு சிறு தலையணை வைத்த ஸ்லிங். விரல், மணிக்கட்டு, முழங்கையை அன்றைக்கே அசைக்கத் தொடங்கினார். தோளைப் பிசியோதெரபிஸ்ட் மட்டுமே, அதுவும் படுக்கவைத்து, கட்டிய எல்லைக்குள் அசைப்பார். சர்க்கரை உள்ளவர்களின் தோள் சீக்கிரம் இறுகும், அதனால் அசைக்காமல் முழுவதும் கட்டிப்போடவும் மனமில்லை. பெரிய கிழிசல்களின் தையல் பிரிவதும் உண்டு, ஆகவே அவசரப்படவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே வழிகண்டுபிடிப்பதுதான் இந்தச் சிகிச்சையின் உண்மையான கஷ்டம். அறுவை அதில் ஒரு பகல்வேலை.

நான்காவது வாரம் வலி குறைந்ததும் அவர் ஸ்லிங்கைக் கழற்றிவிட்டு மாவு கரைக்கத் தொடங்கிவிட்டார் என்று மருமகள் சொன்னார். வலி இல்லாத நாட்கள்தான் ஆபத்தான நாட்கள். நாண் இன்னும் ஒட்டியிருக்காது, நோயாளிக்கோ எல்லாம் ஒட்டிவிட்ட மாதிரி இருக்கும். படம் வரைந்து காட்டியதும் கேட்டுக்கொண்டார். ஆறாவது வாரத்திலிருந்து தானே கையைத் தூக்கப் பழகினார், முதலில் படுத்தபடி, பிறகு சாய்ந்தபடி, பிறகு உட்கார்ந்து. மூன்றாவது மாதம் ரப்பர் பட்டையோடு பலப்பயிற்சி. அந்த மாதத்துக்குள் மதமதப்பும் போய்விட்டது.

ஆறாவது மாதம் கை 140 டிகிரி ஏறியது. ஒரு வருடம் முடிந்தபோது 150. முன்கையை வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் நிற்கிறது. அல்ட்ராசவுண்டில் தையல் பிரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கை எட்டுவது மற்றக் கையைவிடக் குறைவு, பின்பக்கக் கொக்கி வைத்த உடையைத் தவிர்க்கிறார். கிரைண்டர் குழவியை இரண்டு கையாலும்தான் தூக்குகிறார், அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் நாங்களும் சொல்லியிருக்கிறோம்.

ஒரே விழுகை, வயதுக்கு ஒரு காயம்

இந்த நிகழ்விலிருந்து நான் வலியுறுத்த விரும்புவது: தோளில் அடிபட்டவரின் வயதைக் கேட்டதுமே எதைத் தேட வேண்டும் என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

கபடி ஆடும் 19 வயதுப் பையனின் மூட்டு நழுவினால் பின்பக்க நாண்கள் ரப்பர்போல நெகிழ்ந்து கொடுக்கும். முன்பக்கம், குழியின் விளிம்பு வளையம் பிய்ந்துவிடும். லண்டனைச் சேர்ந்த பாங்கார்ட் 1923லும் மறுபடி 1938லும் விவரித்த காயம் இதுதான். பையன் மூன்று வாரத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கிவிடுவான், வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். அவனுக்கான ஆபத்து பிறகு வருகிறது, மூட்டு மறுபடி மறுபடி நழுவும். இருபது வயதுக்குக் கீழே நழுவியவர்களில் பெரும்பாலோருக்கு இது நடக்கிறது. ஸ்லிங்கை ஒரு வாரத்துக்கு மேல் நீட்டித்தாலும் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு முறை நழுவும்போதும் குழியின் முன்விளிம்பு எலும்பு கொஞ்சம் தேயும். தேயாதவரை நுண்துளை வழியாக வளையத்தைத் தைத்துவிடலாம். குழியின் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்த பின் தையல் நிற்காது, லாட்டர்ஜே 1954ல் காட்டிய வழியில் பக்கத்து எலும்புத் துண்டை வெட்டி முன்னால் பொருத்த வேண்டிவரும். மைதானத்திலேயே தானாக ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்ட பையன்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்கள் திறமை என்று நினைப்பது எலும்பின் தேய்மானம்.

நாற்பதைத் தாண்டியவரிடம் முன்பக்க உறை தப்பித்து, பின்பக்கம் நாண் பிய்கிறது. மறுபடி நழுவுவது குறைவு, கை எழாமல் போவது அதிகம். நெவியாசர் என்ற பெயர் கொண்ட மூன்று மருத்துவர்கள் 1988ல் இதையேதான் எழுதினார்கள்: நடுவயதைத் தாண்டியவர்களிடம் கஃப் கிழிசலால் வரும் பலவீனத்தை அக்குள் நரம்பின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள் என்று. இத்தனை வருடம் கழித்தும் அதே சீட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன.

எழுபதைத் தாண்டி, எலும்பும் தேய்ந்திருந்தால், நாண் பிய்வதற்கு முன் எலும்பே உடைந்துவிடும். மேற்கை எலும்பின் மேல்முனை முறிவு. இரண்டாம் நாள் முழங்கை வரைக்கும் விலா வரைக்கும் கருநீலம் இறங்கும். ரத்தம் புவியீர்ப்பில் வடிவதுதான், பயப்பட வேண்டாம். பெரும்பாலான முறிவுகள் அதிகம் விலகாதவை, இரண்டு மூன்று வாரம் ஸ்லிங், அப்புறம் ஊசல்போலக் கையை ஆட்டும் பயிற்சி, போதும். விலகிய முறிவுகளுக்குக்கூட எல்லாருக்கும் தகடு வைக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 250 பேரை வைத்து நடந்த ப்ரோஃபெர் ஆய்வு 2015ல் வெளிவந்தது. அறுவை செய்தவர்களும் ஸ்லிங்கில் விட்டவர்களும் இரண்டு வருடத்தில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். பந்து நாலாகப் பிளந்தோ குழியை விட்டு வெளியேறியோ இருந்தால் அது தனி வகை.

தோளின் நுனியில் நேராக விழுந்த பைக் ஓட்டிகளிடம் காறை எலும்பையும் அதன் வெளிமுனை மூட்டையும் பார்க்க வேண்டும். காறை எலும்பு நடுவில் உடைவதுதான் சாதாரணம், பெரும்பாலும் ஸ்லிங்கிலேயே கூடிவிடும். முனைகள் முழுவதும் விலகி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலோ, எலும்பு முனை தோலைக் கூடாரம்போல் தூக்கியிருந்தாலோ தகடு பற்றிப் பேசலாம். வெளிமுனை மூட்டு லேசாக விலகினால் அறுவை தேவையே இல்லை, சிறு மேடு மட்டும் நிற்கும்.

வலிப்பு வந்தவரும் கரண்ட் ஷாக் அடித்தவரும் தோள் வலி என்றால் தனிக் கவனம் வேண்டும். அவர்களுக்கு மூட்டு பின்பக்கமாக நழுவியிருக்கலாம். நேர்ப்படத்தில் அது சரியாக இருப்பதுபோலவே ஏமாற்றும். முன்கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியாமல் கை வயிற்றோடு ஒட்டிக்கிடந்தால், அக்குள் கோணத்தில் இன்னொரு படம் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

விழுந்த இடத்திலும், திரும்ப வரும் நாளிலும்

வீட்டில் இருப்பவர்களுக்கு: கை எந்த நிலையில் வசதியாக இருக்கிறதோ அப்படியே துண்டாலோ துப்பட்டாவாலோ கட்டி, வளையலையும் மோதிரத்தையும் உடனே கழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வீங்கிய விரலில் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கலாம், அதனால் வழியில் காபி, டீ வாங்கித்தர வேண்டாம். ஊர் ஊருக்குப் புத்தூர் கட்டுப் பலகை இருக்கிறது. பரம்பரைக் கைப்பழக்கத்தை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் தோளை இழுக்க யாரையும் விடாதீர்கள், எங்கள் தொழிலில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான். விரல்கள் வெளுத்தோ சில்லிட்டோ போனால், அக்குளில் வீக்கம் பெருகிக்கொண்டே போனால், ரத்தக்குழாய் அறுவை வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

அவசரப் பிரிவில் மூட்டை ஏற்றும் மருத்துவ நண்பர்களுக்கு: நாற்பது வயதுக்கு மேற்பட்டவரின் டிஸ்சார்ஜ் அட்டையில் மூன்று வாரம் என்று எழுதாமல் பத்து நாள் என்று எழுதுங்கள். அன்றைக்கு ஸ்லிங்கைக் கழற்றி மூன்றே விஷயம் பாருங்கள். முழங்கையைப் பின்னால் தள்ளும்போது டெல்டாய்டு திரள்கிறதா, வெளிப்பக்கம் திருப்பி வைத்த முன்கை நிற்கிறதா, உள்ளங்கை வயிற்றை அழுத்துகிறதா. இதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. வலியால் அன்று தெரியவில்லை என்றால் அடுத்த வாரம் மறுபடி பாருங்கள். அப்போதும் முன்கை நிற்கவில்லை என்றால், அதே வாரம் ஒரு அல்ட்ராசவுண்ட் எழுதிக்கொடுங்கள்.